பகலில் எரியும் விளக்குகளும் பழி சுமக்கும் போட்டோசெல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வளாகங்களிலும் தெருக்களிலும் நண்பகலில் விளக்குகள் எரிவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். விசாரித்தால், "போட்டோசெல் போய்விட்டது, டைரக்ட் கொடுத்திருக்கிறோம்" என்பார்கள். போட்டோசெல் என்பது இருட்டினால் விளக்கை ஏற்றி, விடிந்தால் அணைக்கும் ஒளியுணர் சுவிட்ச். டைரக்ட் என்றால் அதை விலக்கிவிட்டு விளக்கை நேரடியாக மின்சாரத்தில் இணைப்பது. 50 வாட் எல்இடி விளக்குகள் 20 உள்ள ஒரு வளாகத்தில் அவை பகல் 12 மணி நேரமும் எரிந்தால், மாதம் 360 யூனிட் மின்சாரம் வீணாகிறது. மின்பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டவரை, கழற்றி எறியப்படும் போட்டோசெல்களில் பல, தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்லது தவறான இடத்தில் மாட்டப்பட்டவை.

போட்டோசெல்லின் உறையில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அந்த அளவு பெரும்பாலும் பழைய இழை பல்புகளுக்கானது. எல்இடி விளக்கின் டிரைவர் (விளக்குக்கேற்ற மின்சாரம் தரும் சுற்று), மின்சாரம் கிடைத்த கணத்தில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த வேகத்தில், போட்டோசெல்லுக்குள் சுவிட்சாக இயங்கும் ரிலேயின் காண்டாக்ட் முனைகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ள, விளக்கு அணையவே அணையாது. ஆகவே எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியே குறிப்பிட்டுள்ளதையே வாங்க வேண்டும். விளக்குகள் பல இருந்தால், போட்டோசெல் ஒரு காண்டாக்டரை (பெரிய சுமைக்கான மின்காந்த சுவிட்ச்) மட்டும் இயக்க, சுமையைக் காண்டாக்டர் தாங்கட்டும். நியூட்ரல் இணைப்பில்லாத இரண்டு வயர் வகை போட்டோசெல் எல்இடிக்கு ஒத்துவராது. அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மினுக்கும்.

இடம் இன்னும் முக்கியம். விளக்கின் ஒளி தன் மேலேயே விழும்படி மாட்டிய போட்டோசெல், இருட்டியதும் விளக்கை ஏற்றும், அந்த வெளிச்சத்தையே விடியல் என்று கொண்டு அணைக்கும், மறுபடி ஏற்றும். இரவு முழுவதும் விட்டுவிட்டு எரியும் விளக்குகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதிர் வீட்டு விளக்கோ கண்ணாடிச் சுவரின் பிரதிபலிப்போ கூட இப்படிச் செய்யும். நம் பகுதியில் வடக்கு நோக்கித் திறந்த வானத்தைப் பார்க்குமாறு வைப்பது நல்லது.

பழுது என்று முடிவுகட்டுமுன், மூடியில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் துடைத்துப் பாருங்கள். மூடி மங்கினால் விளக்கு மாலையில் முன்னதாகவே எரியும், காலையில் தாமதமாக அணையும். பிறகு பகலில் கறுப்புத் துணியால் முழுவதும் மூடி, ஓரிரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மின்னலுக்கும் வாகன விளக்குக்கும் ஏமாறாதிருக்க வேண்டுமென்றே தாமதம் வைத்திருப்பதால், உடனே எரியவில்லை என்பது குறையாகாது. துணியை எடுத்து நேரமாகியும் அணையாவிட்டால்தான் ஒட்டிக்கொண்ட ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும். கம்பத்தில் ஏறுவதும் இணைப்பைத் தொடுவதும் மின்சாரத்தைத் துண்டித்த பின், உரிமம் பெற்றவரின் வேலை.

டைமரே போதும் என்போரும் உண்டு. ஆனால் சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் ஜூலைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் மாறுகிறது. மழை மேகம் சூழ்ந்த மாலையை டைமர் அறியாது.

உள்ளாட்சி அமைப்புகள் தெருவிளக்குக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் எல்இடி சுமைக்கான தாங்குதிறனையும், போட்டோசெல் பொருத்தும் திசையையும் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் எனவும், டைரக்ட் கொடுத்த இணைப்புகளைக் கணக்கெடுத்து மாற்ற வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
மதுரை.