பிள்ளை வீடு இருக்கிறதே என்று பெட்டி கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளோடு கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று கிளம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். விசாவைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள், டிக்கெட் விலை விசாரிக்கிறார்கள், ஊறுகாய் பாட்டிலை விமான நிலையத்தில் விடுவார்களா என்றுகூட எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள். இறங்கியதும் முதல் இரண்டு மூன்று மாதம் எங்கே தங்குவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாமாகக் கேட்டால் "அதான் பொண்ணு வீடு இருக்கே" என்கிறார்கள். நாங்களும் அதே பதிலைச் சொல்லிவிட்டுத்தான் 2025 ஜனவரியில் கும்பகோணத்தில் இருந்து சிட்னிக்கு வந்தோம். பட்டதைச் சொன்னால் நாலு பேருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கணவர் கூட்டுறவு வங்கியில் இருந்தார். மகள் சிட்னியின் மேற்கே டூங்காபியில் இருக்கிறாள். 143 என்கிற பெற்றோர் விசாவுக்கு 2017-ல் விண்ணப்பித்து, ஏழு வருஷம் காத்திருந்து, ஒருவருக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டி வாங்கினோம். அதற்காக ஒரு மனையையே விற்றோம். இன்று புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆகும். (பணத்தை முதலீடு செய்து வாங்கும் ஓய்வுக்கால விசா ஒன்று முன்பு இருந்தது. 2018 ஜூன் 1-ஆம் தேதியோடு அதைப் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். இன்னமும் அதைக் கேட்டு அலைபவர்கள் இருக்கிறார்கள்.) இவ்வளவு பாடுபட்டு விசா வாங்கிய நாங்கள் தங்குமிடத்துக்கு என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை.

மகள் வீடு இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், கழிப்பறை ஒன்று. பேரன் தன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தான். மாப்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவர், சாப்பாட்டு மேசைதான் அவருக்கு ஆபீஸ். தங்கமான மனிதர், முகம் கோணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் இருந்து என் கணவர் மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் பேத்தியைப் பள்ளியில் இருந்து கூட்டி வரும்போது பார்க்கிறேன், டூங்காபி ஸ்டேஷன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பைபாஸ் ஆன மனிதர், பிப்ரவரி வெயில். கேட்டதற்கு, "நான் இருமினா மாப்பிள்ளை மீட்டிங்ல கேக்குதும்மா" என்றார். அன்று ராத்திரிதான் தனியாக வீடு பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தோம், பதினொரு வாரம் ஆயிற்று. இங்கே வாடகை வீடு பார்ப்பது நம் ஊரில் பார்ப்பது போல் இல்லை. புரோக்கர் நம்மைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட மாட்டார். சனிக்கிழமை காலை பதினைந்து நிமிஷம் வீட்டைத் திறந்து வைப்பார்கள், அதற்குள் எல்லோரும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போன முதல் வீட்டில் வாசல் வரை வரிசை, முப்பது பேர் இருப்பார்கள், கையில் குழந்தையோடு நின்றவர்களே ஏழெட்டுப் பேர். பார்த்துவிட்டு வந்து விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும். அதில் போன வீட்டுக்காரர் யார், வாடகையை ஒழுங்காகக் கட்டியதற்கு என்ன அத்தாட்சி, கடைசிச் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். 31 வருஷம் சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு வாடகைச் சான்றிதழ் யார் தருவார்? சம்பளச் சீட்டுக்குப் பதில் என் பென்ஷன் ஆணையைக் காட்டினேன். அந்த ஏஜென்ட் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரூபாயில் இருக்கிறதே என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு அது என்னவென்றே புரியவில்லை. அடையாளத்துக்கும் புள்ளிக் கணக்கு உண்டு, மொத்தம் 100 வர வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 70, மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு 25, வங்கி அட்டைக்கு 25 என்று வைத்திருந்தார்கள். அந்த அட்டைகள் தபாலில் வந்து சேரவே சில வாரம் ஆகிவிட்டது. அதாவது, வந்து இறங்கிய மாதத்தில் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காகிதத்தில் உங்களுக்கு ஆதாரம் கிடையாது. இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த முதல் மாதத்துக்கு வேறு ஏற்பாடு செய்திருப்போம்.

ஜனவரி, பிப்ரவரியில் வந்ததும் தப்பு. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் திறக்கிற நேரம், வீடு தேடும் கூட்டமே அப்போதுதான் அதிகம். ஜூன், ஜூலையில் வந்தால் குளிர், பல பழைய வீடுகளில் சுவர் வழியாகவே குளிர் ஏறும். ஏப்ரல் அல்லது செப்டம்பர்தான் நம் வயதுக்குச் சரி என்பேன்.

அலைந்து களைத்துப்போய், தெரிந்தவர் மூலமாக ஒரு தமிழ்க் குடும்பத்தின் கொல்லைப்புறத்தில் இருந்த கிரானி பிளாட்டுக்குப் போனோம். பெரிய வீட்டின் பின்னால் சின்னதாகக் கட்டியிருக்கும் தனி வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 60 சதுர மீட்டர் வரை கட்டலாம். வயதான இரண்டு பேருக்கு அது அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மவர்தானே என்று எழுத்தில் ஒன்றும் வாங்காமல் நாலு வாரப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தோம். காலி செய்யும்போது, தரைவிரிப்பில் இருந்த இஸ்திரிப்பெட்டித் தடத்துக்கு என்று பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தடம் நாங்கள் போன அன்றே கட்டிலுக்கு அடியில் இருந்தது, முக்கோணமாக, ஓரத்தில் கறுத்து. பார்த்தேன், அதன் மேல் பாயைப் போட்டேன், போட்டோ எடுக்கவில்லை. ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே எதிரே வந்தால் இன்றைக்கும் இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொள்கிறோம். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

பிறகுதான் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இங்கே அட்வான்ஸுக்கு பாண்ட் என்று பெயர். நாலு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அது வீட்டுக்காரர் கையில் இருக்கவும் கூடாது, அரசாங்கத்திடம் கட்ட வேண்டும். நேரடியாக வாங்கிய வீட்டுக்காரர் 10 வேலை நாட்களுக்குள் கட்டியாக வேண்டும், நாமே ஆன்லைனில் நேராகக் கட்டவும் வழி இருக்கிறது. முன்வாடகை என்று இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டின் நிலையை அறைவாரியாக எழுதிய ஒரு படிவம் தருவார்கள், அதை நாமும் பார்த்துத் திருத்தி 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் நம்பவே முடியாது, ஆனால் அந்தத் தாளில் நம் கையெழுத்து இருந்தால்தான் பாதுகாப்பு. உடன்பிறந்தவர் வீடாகவே இருந்தாலும் எழுதி வாங்குங்கள்.

வாடகையைப் பற்றி இன்னொன்று. இங்கே எல்லாம் வாரக் கணக்கு. இப்போது நாங்கள் பெண்டில் ஹில்லில் வாரம் 560 டாலர் கொடுக்கிறோம். நாலால் பெருக்கி மாதம் 2240 என்று என் கணவர் முதலில் பட்ஜெட் போட்டார். வருஷத்துக்கு 52 வாரம் அல்லவா, கணக்குப் பார்த்தால் மாதம் 2426-க்கு மேல் வருகிறது. ரூபாய்ப் பென்ஷனை மாற்றிக் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த 180 சொச்சம் டாலர் பெரிய பணம். இங்கே அரசு தரும் முதியோர் பென்ஷனுக்கோ வயது 67 ஆக வேண்டும், பொதுவாகப் பத்து வருஷம் இந்த நாட்டில் வசித்திருக்கவும் வேண்டும், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், கிளம்பும் முன்பே பிள்ளை வீட்டுக்கு நடக்கிற தூரத்தில், கட்டில், அடுப்பு, பாத்திரத்தோடு கூடிய சின்ன வீடு ஒன்றை நாலில் இருந்து ஆறு வாரத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் பிள்ளை வீட்டில் ஆசை தீர இருந்துவிட்டு அங்கே போங்கள். செலவு அதிகம்தான், ஆனால் நாள் கணக்கில் கேட்டால் ஒரு விலை, மாதக் கணக்கில் கேட்டால் வேறு விலை. சிட்னிப் பெருநகரப் பகுதியில் உரிமையாளர் குடியிருக்காத வீட்டைக் குறுகிய காலத்துக்கு விடுவதற்கு வருஷத்தில் 180 நாள்தான் அனுமதி. தொடர்ந்து 21 நாளோ அதற்கு மேலோ தங்குபவர்களின் நாட்கள் அந்த 180-ல் சேராது. அதனால் மூன்று வாரத்துக்கு மேல் என்றால் பல உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள், கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். மெல்போர்ன் போகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. விக்டோரியாவில் 2025 ஜனவரி முதல் இப்படிக் குறுகிய காலம் தங்குவதற்கு 7.5 சதவீத வரி போடுகிறார்கள், 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அந்த வரி கிடையாது.

சாவி கூரியரில் வரும், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முதலில் பணத்தை அனுப்புங்கள் என்று வந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணன் அப்படித்தான் ஏமாந்தார். மகனையோ மகளையோ நேரில் போய்க் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், தற்காலிக வீட்டில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடித்த புகைக்கே கூரையில் இருக்கும் அலாரம் அலறுகிறது, தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அந்தக் கட்டணம் நம் தலையில்தான் என்று நாங்கள் இடையில் பத்து நாள் தங்கிய இடத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

வந்த சூட்டில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். நாலில் ஒரு பங்கு காலம்கூட முடியாமல் காலி செய்தால் நாலு வார வாடகையை அபராதமாகக் கட்ட வேண்டும். கோயில் எவ்வளவு தூரம், டாக்டர் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, மேடு ஏற முடிகிறதா என்பதெல்லாம் ஒரு மாதம் நடந்து பார்த்தால்தான் தெரியும். வாடகை எதற்கு, ஊர்ப் பணத்தைக் கொண்டுவந்து ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்பவர்களும் பொறுங்கள். மூன்று அல்லது ஐந்து வருஷம் தரும் 870 என்கிற தற்காலிகப் பெற்றோர் விசாவில் வருகிறவர்கள் 2027 மார்ச் 31 வரை பழைய வீடு வாங்கவே தடை இருக்கிறது. எங்களைப் போல நிரந்தர விசாக்காரர்களும் நியூ சவுத் வேல்ஸில் வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 200 நாள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய வீட்டில் தொடர்ந்து 200 நாள் நாமே குடியிருந்தாக வேண்டும், தவறினால் 9 சதவீதம் கூடுதல் வரி.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தனி வீடு என்று சொன்னால் அம்மா அப்பா மனம் நோகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பிள்ளை மனம் நோகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், யாரும் வாயைத் திறப்பதில்லை. விசா கைக்கு வந்த அன்றே நீங்களே பேச்சை எடுங்கள். வங்கிக் கணக்கை ஊரில் இருந்தே ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள், சில வங்கிகளில் முடியும். தபாலுக்கு உங்கள் முகவரியையே கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரோடு அவர்கள் பெயரையும் போடுங்கள், அடுத்த வீட்டுக்கு அவர்களுக்கு வேண்டிய வாடகை அத்தாட்சி அப்படித்தான் சேரும். எங்களுக்குக் கடைசியில் வீடு கிடைத்ததே மகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால்தான்.

கிரானி பிளாட் வைத்திருக்கும் நம் மக்களையும் கேட்டுக்கொள்கிறேன். வந்து இறங்கும் வயதானவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு முறையாக எழுதி, பாண்டை அரசாங்கத்தில் கட்டி, நியாயமான வாடகைக்குக் கொடுங்கள். உங்களுக்கும் வீடு சுத்தமாக இருக்கும், அவர்களுக்கும் பேச ஒரு தமிழ்க் குரல் இருக்கும்.

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தோழி வருகிற செப்டம்பரில் கணவரோடு வருகிறார். அவர் மகன் வீட்டில் இருந்து ஏழு நிமிஷ நடையில் வென்ட்வொர்த்வில்லில் 28 நாளுக்கு ஒரு வீடு பேசி முடித்திருக்கிறோம். சாவி வாங்கும் அன்று போட்டோ எடுக்க நானே கூடப் போகிறேன், கட்டிலுக்கு அடியிலும் பார்ப்பேன். அம்மியைக் கொண்டுவரட்டுமா என்று நேற்று கேட்டார். நிலையான வீடு அமைந்த பிறகு மகன் ஊருக்குப் போகும்போது கழுவிக் காயவைத்து எடுத்து வரட்டும், இந்தத் தடவை அந்த எடைக்குக் கம்பளிப் போர்வையை வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பெண்டில் ஹில், சிட்னி.