மதர்போர்டு மாற்றிய பிறகு விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: வாரண்டியில் மதர்போர்டு மாற்றித் தந்த லேப்டாப் பூட் ஆகாதது, தீர்வு கேட்டால் ஃபார்மட் போடச் சொல்வது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பில் நகல், ஜாப் ஷீட், திரையைப் பிடித்த போட்டோக்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து "என்ன பிராப்ளம் மேடம்" என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஒரு ஆளைப் போனில் விடாதீர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சார்ஜ் ஏறவில்லை என்றுதான் லேப்டாப்பைக் கொடுத்தேன். போர்டு போய்விட்டது என்று மாற்றினீர்கள். அதுவரை அந்த மெஷினில் விண்டோஸ் 11, உபுண்டு என்ற லினக்ஸ் இரண்டும் ஒரே 512 ஜிபி எஸ்எஸ்டியில் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸில் டேலி கணக்கும் ஜிஎஸ்டி வேலையும். உபுண்டுவில் வெப்சைட் வேலை. திரும்பி வந்ததும் ஆன் செய்தால் நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. போர்டு புதிது, அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் புதிது, கேட்கத்தான் செய்யும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டேன். அடுத்த நிமிடமே இன்னொரு நீலத் திரை: "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்", அதாவது பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை என்று பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ஒன்று உண்டு. பழைய போர்டில் அது ஏஹெச்சிஐ மோடில் இருந்தது. புது போர்டில் இன்டெல் விஎம்டி என்ற வேறு முறை ஆன் ஆகியிருக்கிறது. அதற்கான டிரைவர் இல்லாமல் நிறுவிய விண்டோஸால் தன் டிஸ்க்கையே பார்க்க முடியவில்லை. உபுண்டு மெனுவில் வராததற்கும் காரணம் இதே போர்டு மாற்றம்தான். எதை பூட் செய்வது என்று சொல்லும் பூட் என்ட்ரி, போர்டின் என்விராம் என்ற நினைவகத்தில் இருப்பது. பழைய போர்டோடு அதுவும் போய்விட்டது. ஆனால் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்டிஷனில் உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் ஷிம், கிரப் ஃபைல்கள் அப்படியே இருக்க வேண்டும். டிஸ்க் கெடவில்லை, டேட்டா போகவில்லை. பயாஸில் ஒரு செட்டிங்கை மாற்றி ஒரு என்ட்ரியைச் சேர்த்தால் முடிகிற வேலை.

அதை நானே செய்திருப்பேன். செய்ய முடியாதபடி பண்ணியது நீங்கள். பயாஸுக்குள் போனால் எல்லா வரியும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது; பார்க்கலாம், தொட முடியாது. அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. எஃப்12 அழுத்தி யூஎஸ்பியில் பூட் செய்யப் போனாலும் அதே பாஸ்வேர்டு. நான் வைத்ததல்ல. அப்படியானால் "புது போர்டு" என்று ஜாப் ஷீட்டில் எழுதியிருப்பது யாரோ பயன்படுத்திக் கழற்றிய போர்டா? இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திறந்த ஒரே வாய் உங்கள் ஹெல்ப்லைனில் மாலை நேரத்தில் எடுத்த அந்தத் தம்பியுடையது. "லினக்ஸ் எல்லாம் ஹேக் பண்றவங்க போடுறது மேடம். நீங்க ஏன் போட்டீங்க? ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும். வேணும்னா போடுங்க, இல்லன்னா வெச்சுக்கங்க" என்றார். உங்கள் ஆன்லைன் கடையில் இதே மாடலை உபுண்டு போட்டே விற்கிறீர்களே தம்பி என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்று லைனை வைத்துவிட்டார். அந்தக் கால் ரெக்கார்டிங்கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, ஒரு செட்டிங்குக்காக என் மொத்த உழைப்பையும் அழிக்கச் சொல்கிறார்.

லேப்டாப் கைக்கு வருவதற்கு முன் உங்கள் திருச்சி சர்வீஸ் சென்டருக்கு அலைந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போர்டு மாற்றியாயிற்று, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வந்துதான் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினேன். கவுன்டருக்குப் பின்னால் ரேக்கில், என் பெயர் ஒட்டிய கவரில், என் லேப்டாப் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும். "சிஸ்டத்துல இன்னும் டிரான்சிட்னு காட்டுது மேடம், தர முடியாது." அதோ இருக்கிறதே என்று கையைக் காட்டினால் அவரும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆனா சிஸ்டத்துல வரலையே" என்கிறார். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். அந்த அலைச்சலுக்குக் கணக்கு யாரிடம் கேட்பது?

20ஆம் தேதி தாண்டிவிட்டது. நான் கணக்குப் பார்க்கும் கடைகளின் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாகவில்லை. நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் ஒவ்வொரு கடைக்கும் தாமதக் கட்டணம் ஏறுகிறது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என் பிழைப்பே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கில் நஷ்டம். நேற்று உங்களிடமிருந்து எஸ்எம்எஸ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, மதிப்பெண் வழங்குங்கள்."

நான் சண்டைக்கு வரவில்லை. பணிவாகவே கேட்கிறேன். விவரம் தெரிந்த ஒரு இன்ஜினியரை என் வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த பாஸ்வேர்டை எடுத்துவிட்டு ஸ்டோரேஜை ஏஹெச்சிஐக்கு மாற்றட்டும். எஸ்எஸ்டியில் கை வைக்கக் கூடாது. உபுண்டு என்ட்ரியை நானே சேர்த்துக்கொள்கிறேன். போட்ட போர்டு புதியதா, ரிப்பேர் செய்ததா என்று எழுத்துமூலம் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன். அதோடு நிற்க மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். லேப்டாப் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. திருச்சிக்கு நான் வந்தது போதும், தஞ்சாவூருக்கு நீங்கள் வாருங்கள். இன்ஜினியராக வருகிறீர்களா, எதிர்மனுதாரராக வருகிறீர்களா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்ஜினியர் வருவதானால் காலை 10 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். வருமுன் போன் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்