தோத்ததையும் எழுது தம்பி

தம்பி,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல பேசினப்ப குரலே சரியில்ல. விக்கிப்பீடியாவுல காமராஜர் பக்கத்துல ராத்திரி முழுக்க உக்காந்து எழுதுனத யாரோ வந்து அழிச்சுட்டாங்கன்னு சொன்ன, நானும் அப்ப உன் பக்கம்தான் பேசுனேன். ஆனா மனசு கேக்கல. மறுநாள் மத்தியானம் கண்ணாடிய போட்டுக்கிட்டு அந்தப் பக்கத்தத் தெறந்து, மேல வரலாறுன்னு இருக்குல்ல, அத அமுக்கி நீ என்ன மாத்துன, அவர் என்ன மாத்துனார்னு வரிவரியா ஒப்பிட்டுப் பாத்தேன். முப்பது வருஷம் நூலகத்துல வேல பாத்தவ சொல்றேன், கோவிச்சுக்காதடா, அவர் செஞ்சதுதான் சரி.

மொதல்ல அந்த மதிய உணவு. உலகத்துலயே மொதமொதல்ல கொண்டுவந்தவர் காமராஜர்னு எழுதியிருக்க. 1920லயே சென்னை மாநகராட்சியில தியாகராயர் தலைவரா இருந்தப்ப ஆயிரம் விளக்கு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு சாப்பாடு போட ஆரம்பிச்சுட்டாங்க, அது நீதிக்கட்சி காலம். காமராஜர் செஞ்சது அதவிட சின்னதா என்ன? 1956ல இருந்து கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த சோத்தக் கொண்டு போனார், அரசாங்கத்துல அவ்வளவு பணம் இல்லன்னப்ப ஊர்க்காரங்ககிட்டயே அரிசியும் காய்கறியும் கேட்டு வாங்கி நடத்துனாங்க, கல்வித்துறையில நெ.து.சுந்தரவடிவேலு கூடவே நின்னு ஓடுனார். அப்புறம் 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவுன்னு அத இன்னும் பெருசாக்குனார். இத அப்படியே வருஷத்தோட எழுதுனா போதும்டா, "உலகிலேயே"ன்னு ஒரு வார்த்தைய மேல ஏத்தி வைக்க வேண்டிய அவசியமே அந்த மனுஷனுக்கு இல்ல.

அடுத்தது, தமிழ்நாட்டு முதலமைச்சர்னு போட்டிருக்க. அவர் 1954 ஏப்ரல் 13ல பதவி ஏத்து 1963 அக்டோபர் 2ல விட்டார், அந்த ஒம்பது வருஷமும் அரசாங்க ஏட்டுல அது சென்னை மாநிலம்தான், பேர் மாறுனதே 1969 ஜனவரியில. இன்னொண்ணு, பதவி ஏத்தப்ப அவர் எம்.எல்.ஏ.வே கெடையாது, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யா இருந்தவரு, அப்புறம் குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சுதான் சட்டசபைக்கு வந்தார். நீ எழுதுன சாத்தூர் 1957லயும் 62லயும். நம்ம மாவட்டத்துக்காரன் நீயே இத மாத்தி எழுதுனா வெளியூர்க்காரங்க என்னடா நெனைப்பாங்க.

இதெல்லாம் கூட சரி. ஆனா அவர் 1967 தேர்தல்ல தோத்தத சொல்ற அந்தப் பத்திய நீ ஏன் தூக்குன? அதப் பாத்ததும் எனக்கு வயித்தப் பெசஞ்சிருச்சு.

உங்க தாத்தா எப்பேர்ப்பட்ட காங்கிரஸ்காரர்னு உனக்குத் தெரியும். விருதுநகர்ல காமராஜர் தோத்துட்டார்னு ரேடியோவுல சொன்ன அன்னிக்கு எனக்கு எட்டு வயசு, திண்ணையில துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு படுத்தவர் எந்திரிக்கவே இல்ல, பாட்டி சோறு வச்சு எடுத்துக்கிட்டுப் போனது அப்படியே இருந்துச்சு. 1,285 ஓட்டுடா. மாணவர் தலைவரா இருந்த சீனிவாசன், திமுக. சொந்த ஊர்லயே. மறுநாள் காலையில தாத்தா பேப்பர வாங்கிட்டு வந்து அந்த செய்திய கத்தரிச்சு, மைதாப் பசை காய்ச்சி, கணக்கு நோட்டுல ஒட்டுனார், காமராஜர் ஜெயிச்ச செய்தியெல்லாம் ஒட்டி வச்சிருந்தாரே அதே நோட்டுல, அடுத்த பக்கத்துல. இத எதுக்குப்பா ஒட்டுறீங்கன்னு கேட்டேன். "நடந்துச்சுல்ல"ன்னு மட்டும் சொன்னார்.

நேத்து அந்த நோட்ட பரண்ல இருந்து எறக்குனேன், உனக்கு ஆதாரமா போட்டோ எடுத்து அனுப்பலாம்னு. பாத்தா தேதிய மை பேனாவுல ஓரத்துல எழுதியிருக்கார், ஆனா எந்தப் பேப்பர், எத்தனாவது பக்கம்னு இல்ல, கத்தரிக்கும்போது போயிருச்சு. அதனால அத மேற்கோளா போட முடியாது, நம்ம தாத்தா ஒட்டுனதுன்னு சொன்னா யாரு சரிபாக்க முடியும்? தேர்தல் ஆணையத்தோட 1967 அறிக்கை பி.டி.எஃப்பா நெட்லயே கெடைக்குது, அதுல தொகுதி வாரியா ஓட்டு இருக்கும், அதப் போடு. அதோட நிறுத்தாம 1969ல நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயிச்சதையும், 71ல திரும்ப அங்கயே ஜெயிச்சதையும் போடு. தோத்தத எடுத்துட்டா ஊர் உட்டு ஊர் போயி அவர் ஏன் நாகர்கோவில்ல நின்னாருன்னே படிக்கிற புள்ளைக்குப் புரியாதே.

சாகும்போது கையில எவ்வளவு ரூபா வச்சிருந்தார்னு ஒரு வரி எழுதியிருந்த பாரு, அதையும் விட்டுரு. நான் மேடைக்கு மேடை வேற வேற தொகைதான் கேட்டிருக்கேன். ஒரு நல்ல புஸ்தகத்துல இருந்தா, இன்னார் இப்படி எழுதியிருக்கார்னு அவர் பேரச் சொல்லி எழுது. படிக்காத மேதைங்கறதும் அப்படித்தான், மக்கள் அப்படிக் கூப்பிட்டாங்கன்னு எழுதலாம், நீயே அந்தப் பட்டத்த வரிக்கு வரி குடுக்கக் கூடாது.

அடுத்து இப்ப இருக்குற எம்.எல்.ஏ. ஒருத்தரப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னியே, அதுக்குத்தான் எனக்கு பயமா இருக்கு. உயிரோட இருக்கறவங்கள பத்தி எழுதும்போது ஒரு வார்த்த பெசகுனாலும் ஒரு குடும்பம் தல குனியும். வழக்கு பதிவாகியிருக்குங்கறது வேற, குற்றப்பத்திரிகை வேற, தண்டனை வேற, மேல்முறையீட்டுல விடுதலையும் ஆகியிருக்கலாம், கடைசி வரைக்கும் தேடிப் பாத்துட்டு எழுது, கெடைக்கலன்னா எழுதாத. 2005ல அமெரிக்காவுல ஜான் சீகென்தாலர்னு ஒரு பத்திரிகையாளர், கென்னடி கொலையில அவருக்கு சம்பந்தம்னு சந்தேகப்பட்டாங்கன்னு யாரோ வெளையாட்டுக்கு எழுதி வச்சது நாலு மாசம் அப்படியே கெடந்துச்சு. அந்த வயசான மனுஷன் ராபர்ட் கென்னடிகிட்டயே வேல பாத்தவரு, அதப் படிச்சப்ப எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு.

கட்டுரையப் பத்தி எழுதுறவங்க பேசிக்கிற பேச்சுப் பக்கத்துல கோவத்துல நீ போட்ட பதிலையும் படிச்சேன். நீ எழுதுனத அழிச்சவர்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுரு, எந்தக் கட்சின்னு நீ அவரக் கேட்டது தப்பு. 67க்கு ஆதாரம் சேத்துட்டு எனக்கு போன் பண்ணு, நான் தெறந்து பாக்குறேன். நோட்டுல பூச்சி அரிக்காம வேப்பெல வச்சு எடுத்து வச்சிருக்கேன், பொங்கலுக்கு வரும்போது பாரு.

அம்மா