புதுச்சேரி நகராட்சித் தேர்தல் எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊழலுக்கும் பெண்களின் அரசியல் பங்கேற்புக்கும் உள்ள உறவை ஆராயும் ஸ்வீடன் அரசியல் அறிஞர் லேனா வாங்னெரூட் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நாடாளுமன்றத்தில் பெண்கள் மிகுந்த நாடுகளில் ஊழல் குறைவு என்று 2001-இல் ஆய்வுகள் வெளியானதிலிருந்து, பெண்கள் வந்தால் லஞ்சம் ஒழியும் என்ற பேச்சு ஓயவில்லை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கை நீட்டும் பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

என்னை உலுக்கியது வாங்னெரூடும் சக ஆய்வாளர் சுண்ட்ஸ்ட்ரோமும் 18 ஐரோப்பிய நாடுகளின் உள்ளாட்சி மன்றங்களில் கண்டதுதான். ஊழல் மிகுந்த பகுதிகளில் பெண் உறுப்பினர்கள் குறைவாம். ரகசியம் காக்கும் கூட்டாளிகளுக்கே அங்கே சீட்டு. புதிதாக வரும் பெண்ணை யாரும் உள்ளே விடுவதில்லை. ஊழலே பெண்களுக்குத் தடையாக நிற்கிறது.

அங்கே மன்றமாவது இருக்கிறது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் நகராட்சிகளுக்கும், கிராமப்புற உள்ளாட்சி அமைப்புகளான கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது, அத்தோடு சரி. ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தல் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடங்கள் காகிதத்தில் கிடக்கின்றன. 2021-இல் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர். வார்டிலேயே வாய்ப்பில்லாதபோது சட்டமன்றத்துக்கு எப்படி வருவார்கள்?

2006-இல் எங்கள் வார்டில் ஒரு பெண் கவுன்சிலர் வென்றார். குழாயில் தண்ணீர் வராத காலையில் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்போம். அவரும் எங்களோடு கிளம்பிவிடுவார். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டதாக ஆய்வாளர்கள் சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் எழுதியதைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. பின்னர் என் கணவர் இறந்ததும் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். "கொஞ்சம் செலவாகும் டீச்சர்" என்றார் ஒருவர். முறையிடக் கவுன்சிலர் இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன். இன்றும் உறுத்துகிறது.

2006-இல் பிறந்த பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். தங்கள் வார்டுக்கு அவர்கள் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. தேர்தல் தேதியை அரசு உடனே அறிவிக்க வேண்டும். பெண்களுக்குரிய வார்டுகளின் பட்டியலையும் அன்றே வெளியிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.