எதிர் நிறுவனம் மூடப்பட வேண்டும் என்போருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்து மல்யுத்த ரசிகர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. பக்கம் நிற்கும் உங்களில் பலர், அதற்குப் போட்டியாக 2019இல் தொடங்கிய ஏ.இ.டபிள்யூ. எப்போது இழுத்து மூடப்படும் என்று காத்திருக்கிறீர்கள். டிரம்ப் கார்டில் வீரர்களின் எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டு வளர்ந்த நமக்குக் கட்சி பிரிந்து வாதாடுவது புதிதல்ல. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எதிர்த்தரப்பே இருக்கக் கூடாது என்ற ஆசையைத்தான் ஏற்க முடியவில்லை.

1995 செப்டம்பர் 4 அன்று அன்றைய எதிர் நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. தன் ‘நைட்ரோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, முந்தைய நாள் வரை டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் அன்றைய பெயர்) மோதிக்கொண்டிருந்த வீரர் லெக்ஸ் லூகர் எவரும் எதிர்பாராமல் அங்கே வந்து நின்றார். 1996இல் ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் உறுதியான சம்பளத்துக்காக டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு அணி மாறிய பிறகுதான், ஆள் இழப்பைத் தடுக்க டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பும் அத்தகைய ஒப்பந்தங்களைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது. அதன் ‘ரா’ நிகழ்ச்சி தொடர்ந்து 83 வாரங்கள் பார்வையாளர் கணக்கில் ‘நைட்ரோ’விடம் தோற்ற நெருக்கடியில்தான், நீங்கள் இன்றும் கொண்டாடும் ஸ்டீவ் ஆஸ்டினின் முரட்டுக் காலமும் பிறந்தது. 1999 ஜனவரி 4 அன்று, முன்பே பதிவாகியிருந்த ‘ரா’வில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போவதை ‘நைட்ரோ’வின் வர்ணனையாளர் கேலியாக முன்கூட்டியே போட்டுடைக்க, அதைக் கேட்ட லட்சக்கணக்கானோர் உடனே ‘ரா’வுக்கு மாறினார்கள். சொந்த வாயால் கெட்ட கதை அது.

2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. தன் போட்டியாளரான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கே விலைபோனதும், அமெரிக்காவில் வீரர்களுக்குப் பெரிய வாசல் ஒன்றுதான் மிஞ்சியது. குளச்சலில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒரே வியாபாரி நின்றால் நெய்மீனும் சாளை விலைக்குத்தான் போகும். அதிலும் இவ்வீரர்கள் ஊழியர்களாக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே நடத்தப்படுபவர்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கமும் கிடையாது.

ஏ.இ.டபிள்யூ.வைத் தாராளமாகக் கேலி செய்யுங்கள். அதன் கதைகள் பல வாரங்களில் கேலிக்குத் தகுதியானவையே. ஆனால் நீங்கள் ஆரவாரிக்கும் கோடி ரோட்ஸ், 2016இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு வெளியேறி, ஏ.இ.டபிள்யூ.வைத் தொடங்கியவர்களில் ஒருவராகிப் பெயர் வளர்த்து, 2022இல் திரும்பி, 2024இல் அந்நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் பட்டம் வென்றவர். அந்த இன்னொரு மேடை இல்லாதிருந்தால் அவர் எந்த பலத்தில் பேரம் பேசித் திரும்பியிருப்பார் என்று எனக்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு ரசிகன்