வியன்னாவில் முதல் நாள்

அன்புள்ள நித்யாவுக்கு,

உங்கள் இசைக்குழுவின் வியன்னா பயணத் திட்டத்தைப் பார்த்தேன். காலையில் விமானம் இறங்குகிறது, மாலை 5 மணிக்கே ஒத்திகை என்று போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 ஆகியிருக்கும். இத்தனை அவசரம் எதற்கு என்று எனக்குச் சற்று எரிச்சல்தான். இருந்தாலும் பகலில் படுத்துவிடாதே. படுத்தால் நீ எழமாட்டாய். வெளிச்சத்தில் தோழிகளோடு கொஞ்சம் நடந்துவிட்டு ஒத்திகைக்குப் போ.

உன்னைவிட உன் செல்லோவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இங்கே புழுக்கத்திலேயே பழகிய மரம், விமானத்தின் வறண்ட காற்றையும் டிசம்பர் குளிரையும் ஹீட்டர் ஓடும் அறையையும் ஒரே நாளில் தாங்க வேண்டியிருக்கிறது. பெட்டி கைக்கு வந்ததும் திறந்துவிடாமல், அறையின் சூட்டுக்கு அது வரும்வரை மூடியே வைத்திரு. திறந்த பிறகு, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார். மரம் சுருங்கினால், தந்திகளை முறுக்கும் பிரடைகள் பிடியிழந்து தந்திகள் தளரும். நான்கும் ஒருசேரத் தளர்ந்துவிட்டால், உள்ளே மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் இடையில் ஒட்டப்படாமல் நிற்கும் சிறு குச்சி சாய்ந்துவிடக்கூடும். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் தந்தியைத் தொடாமல் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடு. சத்தம் இல்லையென்றால், பிரடையை உள்நோக்கி அழுத்தியபடியே ஒவ்வொரு தந்தியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஒரே தந்தியை ஒரே மூச்சில் முழுச் சுருதிக்கு இழுக்காதே. என் வீணையில் நீ சிறுவயதில் பார்த்த அதே வேலைதான்.

இனி அரங்கத்தைப் பற்றி. 1870இல் திறக்கப்பட்ட, நீங்கள் வாசிக்கப்போகும் மியூசிக்ஃபெரைன் இசை அரங்கத்தின் பொன் மண்டபம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளமும் 19 மீட்டர் அகலமும் கொண்ட, ஒடுங்கிய செவ்வகப் பெட்டி. ஆள் நிறைந்திருக்கும்போது ஒரு ஒலி அடங்க அங்கே 2 வினாடி பிடிக்கிறது. காலியாக இருந்தால் கிட்டத்தட்ட 3 வினாடி. ரசிகர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். ஆகவே இன்று காலி நாற்காலிகளுக்கு முன்னால் கேட்கும் ஒலியை வைத்து, நாளைய கச்சேரிக்கு எதையும் முடிவு செய்துவிடாதே. ஒலி அங்கேயே தங்கி நிற்பதால், அது அடங்கட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். அப்படிக் காத்திருந்தால் காலப்பிரமாணம் இழுத்துக்கொண்டே போகும். காதை மட்டும் நம்பாமல், நடத்துநரின் கோலையும் முதல் வரிசையில் இருப்பவரின் வில்லையும் பார்.

நீங்கள் வாசிப்பது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனி என்பதால் இதை இவ்வளவு சொல்கிறேன். ஜி மைனர் என்ற சுர வரிசையில் அதைத் தொடங்கிவைப்பதே செல்லோக்கள்தான். கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன் ஆகிய ஊதுகருவிகள் கூடவே வந்தாலும், அந்த நீண்ட மெட்டின் பொறுப்பு உங்களுடையது. பிறகுதான் புல்லாங்குழல் ஜி மேஜரில் நுழைகிறது. வீட்டில் பயிற்சி செய்யும்போது வில்லை அழுத்தி வாசித்தாய். அந்த மண்டபத்தில் அந்த அழுத்தம் தேவைப்படாது. தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் அழுத்தித்தான் வாசிப்பார்கள், நீ கொஞ்சம் விட்டுக்கொடு.

ஒத்திகை முடிந்ததும் என்னை அழைக்காதே, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. அப்பாவுக்கு மட்டும் ஒரு வரி போட்டுவிடு. அவர் கைப்பேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அம்மா