வெள்ளகெவி வழியாக எங்கள் அம்மாவை மலையேற்றியவர்களுக்கு

வெள்ளகெவி ஊர்க்காரர்களுக்கும், கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல் வரை எங்களோடு நடந்தவர்களுக்கும் வணக்கம்.

அம்மா நலமாக இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போன் போடும்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். மதுரை வந்து சேர்ந்ததும் கால்வலி போய்விட்டது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து மலைக்கதைதான். போனில் எல்லோருக்கும் நன்றி சொன்னோம், ஆனாலும் அது போதாது, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம். வெள்ளகெவி, பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் இருக்கும் மலை ஊர். கும்பக்கரை அந்தப் பாதையின் அடிவாரம், வட்டக்கானல் மேலே கொடைக்கானலை ஒட்டிய ஊர். அம்மா பெரியகுளத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா, அதாவது எங்கள் தாத்தா, மலையிலிருந்து இறங்கும் காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் வாங்கி விற்ற சிறு வியாபாரி. சரக்கு தலைச்சுமையாக வரும், இல்லையென்றால் குதிரைப் பொதியாக வரும். சுமையை இறக்கிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் குடித்தவர்களைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, அவர்கள் வந்த வழியில் தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறார். அதெல்லாம் கணக்கில் வராது என்பார்.

மலையேற்றம் நடத்தும் ஒரு குழுவிடம் கேட்டபோது, அறுபது தாண்டியவர் என்றதுமே முடியாது என்றார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் நடப்பீர்களா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வழிகாட்டி அண்ணே, நீங்கள் கேட்டீர்கள். தினம் எவ்வளவு தூரம் நடப்பார், சர்க்கரை இருக்கிறதா, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறாரா, இறங்கும்போது முட்டி வலிக்குமா, ஏறும்போது வலிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "தங்கித் தங்கிப் போவோம் ஆத்தா, மலை எங்கயும் ஓடிப்போகாது" என்றீர்கள். அம்மா அன்றைக்கே செருப்புக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அனுமதி வாங்க உதவிய வனத்துறை ஊழியர்களுக்கு எங்கள் நன்றி. 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்தில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகு, முறையான அனுமதியும் காடு தெரிந்த ஆளும் இல்லாமல் ஏறக்கூடாது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. தீக்காலத்தில் வேண்டாம், மழை ஓய்ந்த மார்கழியில் வாருங்கள் என்று நாளைச் சொன்னதும் நீங்கள்தான். 2024-இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கும் அந்தந்தப் பகுதி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். மலை ஊரில் பிறந்தவர் கூட வருவது எவ்வளவு பெரிய பலம் என்று நாங்கள் நேரிலேயே பார்த்துவிட்டோம்.

பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் கூட இருக்காது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையில் இருப்பது முழுக்க ஏற்றம். கும்பக்கரை அருவியைத் தாண்டியதும் முள்ளும் பாறையுமாக வெக்கை அடிக்கும் காடு, அப்புறம் தோப்புகள், மேலே போகப்போக நிழலில் காப்பிச் செடி, அதற்கும் மேலே சோலை. கீழே வியர்வையில் நனைந்த சட்டை மேலே குளிரில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மாற்றுச் சட்டையைப் பையின் அடியில் வைக்காதீர்கள், மேலாக வையுங்கள் என்று அண்ணன் சொன்னதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் முன்னால் போகவே இல்லை. முன்னால் அவருடைய அக்கா மகன் போனான், நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் தம்பியும். அம்மாவுக்குப் பின்னால் ஓர் எட்டு விட்டு அண்ணன். அம்மா நின்றால் அவரும் நிற்பார், ஏன் நின்றீர்கள் என்று கேட்க மாட்டார். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே ஒரு கம்பை வெட்டி, கணுவெல்லாம் சீவி, கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பட்டையை விட்டுவைத்து, அம்மாவின் இடுப்புயரத்துக்கு அளந்து கொடுத்தார். இன்னொரு கம்பின் நுனியில் துணியில் உப்பை முடிந்து கட்டி என் தம்பியிடம் கொடுத்தார். அட்டை ஏறினால் அந்த முடிப்பை ஈரத்தோடு ஒரு தொடு, அவ்வளவுதான், சுருண்டு விழுந்துவிடும். பிடுங்கி இழுத்தால் புண்ணாகும் என்றார்.

செங்குத்தான ஓரிடத்தில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலியில் முகம் வெளுத்துவிட்டது, எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் அவசரப்படவே இல்லை. அம்மாவைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறு கையால் பாதத்தை முழங்கால் பக்கமாக மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டும் இருந்தார், தாத்தா காலத்தில் எந்தக் கடையில் சரக்கு போட்டார்கள், அந்தக் கடை இப்போது யாரிடம் இருக்கிறது என்று. எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் பிடிப்பு விட்டது. "திரும்பணும்னா திரும்பிருவோம் ஆத்தா, அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று அவர் சொன்னதால்தான் அம்மாவுக்கு மேலே போகத் தெம்பு வந்தது என்று நான் நினைக்கிறேன். எப்படியும் ஏறித்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பார்.

வெள்ளகெவியில் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். ஊரே கோயில் என்பது அங்கே வழக்கம், உள்ளே யாரும் செருப்பு போடுவதில்லை. அம்மா கழற்றியதும் அங்கிருந்த பாட்டி ஓடிவந்து சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். பாட்டி, அந்தத் தண்ணீர் வெந்நீர்! அந்தக் குளிரில் நடந்து வருகிறவர்களுக்கு என்று அடுப்பில் வைத்திருந்தீர்கள். அன்று ராத்திரி அவரை போட்ட குழம்பும், மலைப்பூண்டு தட்டிப்போட்ட ரசமும், விடியற்காலையில் வரக்காப்பியும் கொடுத்த அக்காவுக்கு நாங்கள் கொடுத்த பணம் ஒரு பொருட்டே இல்லை. அதையும் எண்ணிப் பார்த்து, கூட இருக்கிறது என்று பாதியைத் திருப்பித் தந்தீர்கள். நீங்கள் சமைத்த அரிசியும் பருப்பும் கீழேயிருந்து பொதியில் ஏறி வந்தவை என்று எங்களுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர், சிமெண்ட் மூட்டை, பள்ளிப் புத்தகம், எதுவானாலும் அப்படித்தான் வர வேண்டும்.

அதனால் இதையும் எழுதியே ஆக வேண்டும். எங்களுக்கு அது ஆசைப்பட்டு நடந்த பாதை, அங்கே இருப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்து மோட்டார் ரோடு வரும் வரை, மலைக்கு மேலே ஆட்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் போனது நடந்தும், மனிதர்கள் தோளிலும், குதிரை முதுகிலும்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது பழங்கதை ஆகிவிட்டது. வெள்ளகெவியில் உடம்பு முடியாதவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டோலி கட்டித் தூக்கிப் போவது நம் காலத்துச் செய்தி. அம்மா கால் பிடித்து உட்கார்ந்த இடத்தைக் காட்டி, "இங்கதான் எங்களுக்கும் தோள் மாத்துற இடம்" என்று அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாதையில் நடந்துவிட்டு வந்து படம் மட்டும் போட்டுக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் இத்தனை காலமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தால் ஒருமுறை கும்பக்கரையிலிருந்து ஏறிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குதிரைக்காரத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் எடை சரியாக வரும்வரை மூன்று தரம் பிரித்துக் கட்டினாய். ஒரு பக்கம் கனத்தால் அதற்கு முதுகு புண்ணாகிவிடும் என்றாய். அம்மா உன் குதிரைக்கு ஊட்டிவிட்ட வாழைப்பழத்தின் படம் என் போனில் இருக்கிறது, அனுப்புகிறேன்.

கடைசி ஏற்றத்தில், சோலைக்குள், காட்டுமாடுகள் பாதையில் நின்றிருந்தன. கன்றும் இருந்தது. முன்னால் போன பையன் கையை உயர்த்தியதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். கல்லெறியவோ கத்தவோ விடாமல், அவையாக விலகிப் போகும்வரை நிற்கவைத்தான். அந்த வயதில் அவ்வளவு நிதானம்! வட்டக்கானலில் ஏறி நின்றதும் அம்மா கீழே பெரியகுளம் பக்கம் பார்த்து, தாத்தா கடை இருந்த தெரு எந்தத் திசை என்று அண்ணனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். டீக்கடைக்காரர் நாங்கள் எங்கிருந்து ஏறி வருகிறோம் என்று கேட்டுவிட்டு, அம்மாவின் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி.

இனி வேலை விஷயம். பாட்டி இரவில் கொடுத்த கம்பளியை அம்மா போர்த்திக்கொண்டே வந்துவிட்டார், போகட்டும் போகட்டும் என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள். துவைத்து மடித்து, கூடவே எல்லோருடைய படங்களையும் பிரிண்ட் போட்டு, பாட்டி கேட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடியையும் வைத்து, பெரியகுளத்தில் அண்ணன் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் கொடுத்திருக்கிறோம். கண்ணாடி சரியாக வரவில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த பொதி ஏறும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மாவும் நாங்களும், மதுரை